பத்தாவது பெயர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் மகளும் உன் தம்பி வீட்டாரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மனசளவில் நான் நன்றாக இல்லை, அதற்குக் காரணம் நீ, அதைப் பின்னால் சொல்லுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற தெம்பு உனக்கு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். வழக்கம் போலப் பிள்ளைகளின் பெருமையை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பியின் பெரியவன் கனரக வண்டி ஓட்டுகிற பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டான், உன் அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் மூன்றாவது தடவைதான் தேறினார் என்பதை அவனிடம் சொல்லாதே என்கிறார், உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. சின்னவன் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான், மொத்தம் மூன்று பேர்தான் ஓடினார்கள், ஆனாலும் இரண்டாவது இரண்டாவதுதான். உன் மகள் சுவர்ப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து ஆறு இதழ் கொண்டுவந்தாள், வாலிபால் அணியில் இருந்தாள், பாட்டு மன்றத்தில் இரண்டாம் குரல் பாடினாள், நாடக மன்றத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தாள். இருந்தாள், பாடினாள், கொடுத்தாள் என்று முடிந்துபோன மாதிரி எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. போன கடிதத்தில் இதையே இருக்கிறாள், பாடுகிறாள் என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாய் என்பதுதான் இனி வரப்போவது.

வழக்கமாக என் கடிதத்தை உன் மகள் ஒரு தடவை படித்துப் பார்த்து ஒற்றெழுத்தைச் சரிபண்ணித் தருவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த உதவி வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், முடியாவிட்டால் பொறுக்காதே, எனக்கு இப்போது அது பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது நான் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றால், போனில் கேட்டால் நீ சரிம்மா சரிம்மா என்று நாலு தடவை சொல்லித் தப்பித்துவிடுவாய். அவளுக்குத் தலைவலி, படுத்திருக்கிறாள் என்று நான் சொன்னது பொய். அவள் பக்கத்தில்தான் நின்றாள், போனை நீட்டினேன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நடந்ததைச் சொல்லுகிறேன். போன வாரம் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது தலைமையாசிரியை ஒரு காகிதத்தை வாசித்தார், பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஐந்து மன்றங்களில் நான்கு இன்று முதல் நிறுத்தப்படுகின்றன என்று. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மதியம் குமாஸ்தா அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தினார், அதில் ‘ஒரு மாணவியின் பெற்றோர் அனுப்பிய கடிதத்தின்படி உறுப்பினர் எண்ணிக்கை குறைந்ததால்’ என்று எழுதியிருந்தது. பெயர் போடவில்லை, ஆனால் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஆபீஸ் மேசையில் கிடந்ததைப் பாதிப் பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறது. நீ படித்த பள்ளிக்கூடம்தானே, அங்கே எது மறைகிறது. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் வெந்துபோயிருந்தது. பக்கத்து வகுப்புப் பையன் ஒருத்தன் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டு, “டேய் பூட்டு வருது, எல்லாரும் வெளிய வாங்க, உள்ள வெச்சுப் பூட்டிடப் போகுது” என்று சொன்னானாம். அன்று முதல் அவள் பெயர் பூட்டு. புத்தகப் பையை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, “பாட்டி, அம்மாவுக்கு நான் நாலு மன்றத்துல இருக்கேன்னு நீங்களா எழுதுனீங்க” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “பெருமையாத்தான் எழுதியிருப்பீங்க, எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் போனாளே, அதற்கு உன்னை நான் மன்னிக்கிறதாக இல்லை.

மறுநாள் காலையில் வெளியே போகிற உடுப்பை உடுத்திக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உன் அப்பா, “கொஞ்சம் ஆறட்டும், நாளைக்குப் போ” என்றார். ஆறின பிறகு போய் என்ன பண்ணுவது. ஆபீஸ் வாசலில் பலகைக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு குமாஸ்தா கூப்பிட்டு விவரம் சொன்னார். அந்த மனுஷனைக் குறை சொல்ல மாட்டேன், பெயரை அடிக்கக்கூட ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவர். ஒரு மன்றத்துக்குப் பத்துப் பெயராவது இருக்க வேண்டும், ஒன்பதானால் மூட வேண்டும், மேலிடத்து விதி. பள்ளிக்கூடத்தில் மொத்தமே எண்பத்தோரு பிள்ளைகள், அதில் அறுபது பேர் நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடுகிறவர்கள். மிச்சமிருக்கிற இருபத்தோரு பேரைத்தான் மாற்றி மாற்றி எல்லா மன்றத்திலும் எழுதி, சின்னப் போர்வையை நாலு பேர் இழுத்துப் போர்த்திக்கொள்கிற மாதிரி ஓட்டியிருக்கிறார்கள். நாலு பட்டியலிலும் பத்தாவது பெயர் உன் மகள். எங்கே ஒன்று குறைகிறதோ அங்கே ஆசிரியர்கள் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவளும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் போய் நின்று, நின்ற இடத்தில் எல்லாம் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். நீ என் மகளின் பெயரை எல்லா மன்றங்களிலிருந்தும் நீக்கவும் என்று ஒரு வரி எழுதினாய். ஒரே கோட்டில் நாலும் போயிற்று. ஐந்தாவதாக மிஞ்சினது தோட்ட மன்றம், அதில் மட்டும் அவள் இல்லை.

வேறு ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். “அரை வருஷம் தாண்டிட்டா பேரை எடுக்கலாம் பாட்டி, புதுசா சேர்க்க முடியாது. எடுக்கச் சொன்னவங்களே திரும்ப எழுதிக் கொடுத்தா, எடுக்காத மாதிரி வெச்சுக்கலாம்” என்றார். சேர்க்கும்போது நான்தானே கையெழுத்துப் போட்டேன், இப்போதும் நானே போடுகிறேன் என்றேன். “அம்மா கையெழுத்து வந்த பிறகு பாட்டி கையெழுத்து நிக்காது” என்றார். நீ போனதிலிருந்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்துத் தாள் ஒவ்வொன்றிலும் நின்ற கையெழுத்து, உன் கடிதம் வந்த அன்றைக்கு நிற்காமல் போய்விட்டது.

பிறகு தலைமையாசிரியை உன் கடிதத்தைக் காட்டினார். நான் படிக்கிற வேகம் உனக்குத் தெரியும், அவர் பொறுமையாகக் காத்திருந்தார். என் தாயார் எழுதிய கடிதத்திலிருந்து என் மகள் நான்கு மன்றங்களில் நேரம் செலவிடுவது தெரிகிறது, கணக்கில் எண்பத்து நான்கிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கியதற்கு இதுவே காரணம் என்று எழுதியிருக்கிறாய். ஆக, குற்றம் சாட்டினது நீ, சாட்சி நான். என்னைக் கேட்காமல் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறாய். நான் ஒவ்வொரு வரியையும் பேனாவை நாலு தடவை உதறி, வாசலில் போகிறவர்களைக்கூடக் கவனிக்காமல், நீ அங்கே தனியாக உட்கார்ந்து படித்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று எழுதினேன். நீ அதைப் போலீஸ்காரன் மாதிரி படித்திருக்கிறாய்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே உங்கள் ஊர்க் கல்லூரியில் கணக்கில் எழுபது இருந்தால்தான் எடுப்பார்கள், அடுத்த வருஷம் அவளைக் கூட்டிக்கொள்ள வேண்டும், நாலு வருஷம் பிரிந்திருந்தது போதும் என்று நினைக்கிறாய். நினைக்க வேண்டியதுதான். உன் அப்பாவும், “அவ அங்க தனியா உக்காந்து பயந்து எழுதிட்டா, விடு” என்கிறார். பயந்தவள் யாரைக் கேட்க வேண்டும். மகளைக் கேட்டாயா, என்னைக் கேட்டாயா, கணக்கு ஆசிரியரையாவது கேட்டாயா. பாலத்துக்குப் படம் போடுகிற வேலைதானே பார்க்கிறாய், அங்கே ஒரு தூணை எடுக்கச் சொல்லுவதற்கு முன்னால் அதன் மேல் என்ன நிற்கிறது என்று பார்ப்பாயா மாட்டாயா.

அன்றைக்கு மத்தியானமே ரொட்டிக்கடைக்குப் போனேன், போயிருக்கக் கூடாது. அந்தக் கடையில் நான் பேத்தியைப் பற்றிப் பேசாமல் ரொட்டி வாங்கினதே கிடையாது என்று உனக்குத் தெரியும். கடைக்காரரின் மகள்தான் பாட்டு மன்றத்தில் முதல் குரல். அவர் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், “உங்க வீட்டுப் பொண்ணு படிச்சு பெரிய ஆளா வரட்டும்மா, வேணாங்கல. எம்பொண்ணு மூணு மாசமா தொண்டையைக் கட்டிக்கிட்டு பாடுச்சே, அது என்ன பாவம் பண்ணுச்சு” என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற தையல்காரி, “சும்மா இருங்க, அவங்க என்ன பண்ணுவாங்க, பெருமை பேசத்தான் அவங்களுக்கு உரிமை, முடிவு எடுக்க இல்ல” என்று எனக்குப் பரிந்து பேசினாள். அவள் பரிந்து பேசினதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ரொட்டியை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தேன். நான் வாயைத் திறக்காமல் வந்தேன் என்றால் உன் தம்பி நம்ப மறுக்கிறான்.

இப்போது நீ தலையில் கைவைத்துக்கொள்ளப் போகிற செய்தியைச் சொல்லுகிறேன். அன்று ஆபீஸிலிருந்து வெளியே வரும்போது டிரில் வாத்தியார் பின்னாலேயே வந்தார், கையில் வாலிபால் வலையைச் சுருட்டி வைத்திருந்தார், பெட்டியில் போட்டுப் பூட்டுவதற்காக. “பாட்டிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, பிள்ளை கண்ணைக் காட்டினீங்களா. பந்து மூக்குக்கிட்ட வந்த பிறகுதான் கையைத் தூக்குறா. ஆட்டத்துல இருந்ததால எனக்குத் தெரிஞ்சுது” என்றார். வியாழக்கிழமை கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளில் மேலே இருந்த பெரிய எழுத்து ஒன்றைச் சொன்னாள், அடுத்த வரியில் பாதி, அதற்குக் கீழே வெறும் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். டாக்டர் என்னைத்தான் திட்டினார், இத்தனை நாள் கரும்பலகையை எப்படிப் படித்தாள் என்று. படிக்கவே இல்லை. பக்கத்தில் உட்காருகிற பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள், அந்தப் பிள்ளை ஏழு போட்டால் ஒன்று மாதிரி இருக்குமாம். கணக்கு ஆசிரியரிடம் போய் விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அவரும் அப்போதுதான் பொறுமையாகப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பலகையில் எழுதிப் போட்ட கேள்வி ஒன்று, இவள் தாளில் எழுதிக்கொண்ட கேள்வி ஒன்று. தப்பான கேள்விக்குச் சரியான விடையாகப் போட்டு வைத்திருக்கிறாள்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு படிக்கிறாள் என்று உனக்கு எழுதினேனே, மூக்கு தாளில் முட்டுகிறதை நான் படிப்பு ஆசை என்று நினைத்தேன். நாடகத்தில் யார் வசனத்தை மறந்தார்கள் என்று முகத்தைப் பார்க்காமலே மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கிறாள் என்று ரொட்டிக்கடையில் அரை மணி நேரம் சொன்னேனே, அவளுக்கு அந்த முகம் தெரிந்தால்தானே பார்ப்பதற்கு. சுவர்ப் பத்திரிகையில் எழுத்தெல்லாம் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறதை அவளுடைய தனி அழகு என்று சொல்லித் திரிந்தேன். கூடவே இருந்து கண்ணால் பார்த்த எனக்கே தெரியவில்லை, அங்கிருந்து ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நம் இரண்டு பேருக்கும் தெரியாதது அந்த வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. நீ மூடச் சொன்ன மன்றம்தான் உன் மகளின் கண்ணைக் கண்டுபிடித்தது, இதை நீ இரண்டு தடவை படி.

ஏழாவது இதழ் முழுசாக எழுதி முடித்து, சுருட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது எடுத்துப் பார்த்தேன். காணாமல் போன இடது கால் ஷூவைப் பற்றி ஒரு விசாரணை, காவலாளி வளர்க்கிற பூனைக்கு எத்தனை குட்டி என்பதில் இரண்டு தரப்பு வாதம், வாலிபால் அணி தோற்ற செய்தியைத் தோற்றது என்றே தைரியமாக எழுதியிருக்கிறாள். எல்லா இதழிலும் வலது பக்கத்துக் கீழ் மூலையில் தவறு திருத்தம் என்று ஒரு பெட்டி இருக்கிறது. போன இதழில் என்ன தப்பு வந்ததோ அதைச் சொல்லி, சரியானதை எழுதி, வருந்துகிறோம் என்று போடுகிறாள். மூன்றாவது இதழில் ஒரு தப்பும் இல்லையாம், அதற்காகப் பெட்டியை விடாமல், ‘தேடினோம், அகப்படவில்லை, உங்களுக்கு அகப்பட்டால் சொல்லவும்’ என்று போட்டிருக்கிறாள். பதினாறு வயசுப் பிள்ளை, எல்லோரும் நின்று படிக்கிற சுவரில், தன் தப்பைத் தன் கையாலே எழுதுகிறாள். அவளைப் பெற்றவள் நீ. உனக்கு ஒரு பெட்டி போட முடியாதா.

அதற்காகத்தான் இன்னொரு தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். குமாஸ்தா சொல்லச் சொல்ல ஆபீஸ் ஜன்னலோரம் நின்று நான் எழுதிக்கொண்டு வந்த வாசகம். நாலு வரிதான். எந்தத் தேதியிட்ட கடிதத்தில் நீக்கச் சொன்னேனோ அதைத் திரும்பப் பெறுகிறேன், நான்கு மன்றங்களிலும் என் மகள் பெயர் முன்போல இருக்கட்டும் என்று. அதை அப்படியே பார்த்து எழுது, உன் சொந்த வசனம் எதையும் சேர்க்காதே, ஆனால் போனால் என்று இழுக்காதே, ஒரு நிபந்தனை போட்டாலும் அந்த மனுஷர் ஸ்கேலை எடுத்துவிடுவார். ஐந்து பள்ளிக்கூடங்கள் சேர்ந்து நடத்துகிற பாட்டு, நாடகப் போட்டி இருபத்தெட்டாம் தேதி. இருபதாம் தேதிக்குள் உன் காகிதம் அந்த மேசைக்கு வர வேண்டும், தபால் ஆறு நாள் எடுக்கிறது, ஆகையால் இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே உட்கார். எங்கள் பிள்ளைகள் ஒத்திகையை நிறுத்தவில்லை, மன்றம் இல்லாததால் அறையைத் திறக்க மாட்டார்கள், அதனால் நம் வீட்டு மாடியில் நடக்கிறது. நான்தான் ரொட்டிக்கடைக்காரரிடம் போய் மகளை அனுப்பச் சொன்னேன், “அம்மாகிட்டருந்து காகிதம் வருமா” என்று கேட்டார், வரும் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன், நீ மட்டும் கேட்டாயா. கணக்குக்கு, வாரத்தில் மூன்று நாள் அந்த ஆசிரியரே கடைசி மணிக்கு மேல் அரை மணி நேரம் உட்காருகிறேன் என்றிருக்கிறார், இனிமேல் முதல் பெஞ்சு, கண்ணாடியோடு. எழுபது என்ன, பழைய எண்பத்து நான்கே வரும். வராவிட்டால் அப்போது என்னைத் திட்டு, என் வயசுக்கு அதையும் தாங்குவேன்.

மாப்பிள்ளையின் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடக் கூடாது, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கச் சொல். நீ வேலையிலிருந்து வந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே, போனில் உன் குரல் மெலிந்திருக்கிறது. கோபத்தில் சபித்துவிட்டேனோ என்று நினைக்காதே, பெற்ற வயிறு அப்படிச் சொல்லாது. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், செய்கிற வேலையில் நல்ல பெயர் எடுத்து, சீக்கிரம் மகளோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இருபதாம் தேதி, மறக்காதே.

கடைசியாக ஒன்று. நேற்று கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள், எதிர்வீட்டுக் கூரையில் ஓடு தனித்தனியாக இருக்கிறது என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, நாகரிகமான பிள்ளை. அப்புறம் கூடத்தில் அலமாரிக்கு மேலே உயரத்தில் மாட்டியிருக்கிற உன் போட்டோவுக்குக் கீழே போய் அண்ணாந்து நின்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ அனுப்பினது, பாலத்தின் மேல் காற்றில் முடி பறக்கிறதே, அது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பாட்டி, அம்மா நெத்தியில முடி ஓரமா ஒரு கோடு இருக்கே, அது என்னது” என்று கேட்டாள். முடியை இறக்கி வாரி இத்தனை வருஷம் நீ அவளிடமே மறைத்திருக்கிறாய். நான் சொல்லிவிட்டேன். இதே பள்ளிக்கூடத்தில், இதே மேடையில், பதினைந்து வயசில் திரைக் கயிறு இழுக்கிறேன் என்று ஸ்டூலிலிருந்து நீ விழுந்ததைச் சொன்னேன், நாலு தையல் போட்டதைச் சொன்னேன். மறுநாள் நான் உன் பெயரை எடுக்கச் சொல்லக் குடையோடு கிளம்பினதையும், நீ தலையில் கட்டோடு வந்து வாசலை மறித்து நின்று, “தையல் நெத்தியிலதானம்மா, பேருல இல்லையே, பேரை மட்டும் எடுத்துடாத” என்று சொன்னதையும் சொன்னேன். நான் குடையை மூலையில் சாத்தினேன். எனக்கும் அன்றைக்கு ஒரு வரி எழுதத் தெரியாமல் இல்லை. உன் மகள் பன்னிரண்டு நாளைக்குப் பிறகு சிரித்தாள், “அப்போ அம்மாவும் திரைக்குப் பின்னாடி ஆளா” என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். அந்தப் போட்டோவில் நீ தூரத்தில் இருக்கிறாய், பாலம்தான் பெரிசாக இருக்கிறது. ஆகையால் குமாஸ்தாவுக்குக் காகிதம் போட்ட மறுநாளே, கிட்டத்தில் நின்று, முடியைத் தூக்கி வாரிக்கொண்டு, நெற்றி முழுசும் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. அவளுக்கு இப்போது கண் தெரிகிறது.

இப்படிக்கு,
காகிதம் வரும் வரை கோபம் ஆறாத
உன் அம்மா